வேப்பெண்ணெய்ப் போத்தல்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் விவசாயப் போதனாசிரியர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். காய்கறித் தோட்டங்களில் வண்டுத் தாக்கம் பற்றி எழுதினால் நல்லது என்று குறிப்பும் வைத்திருக்கிறீர்கள். வண்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? என் காலத்தில் ஒரு வண்டின் பெயரை அறிய, அதைப் பெட்டியில் போட்டுத் தலைமை அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்போம். நீங்கள் கைப்பேசியில் படம் பிடித்த கையோடு பெயரைச் சொல்லிவிடுகிறீர்கள். ஆகவே ஒரு வண்டை முன்னிட்டு நான் ஒரு பெண்ணைச் சாகக் கொடுக்கப் பார்த்த கதையை எழுதுகிறேன். இதை என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

அது யுத்த காலம். திருகோணமலைப் பட்டினத்து அலுவலகத்தில் நான் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இருபத்தேழு வயது. குடாவுக்கு அக்கரையில் இருக்கும் மூதூர்ப் பக்கத்துக் கிராமங்களும் என் பொறுப்பில்தான் இருந்தன. ஆனால் மூதூர்ப் பட்டினத்தைத் தாண்டி உள்ளே போக எங்களுக்கு அனுமதி இல்லை. அதனால் விவசாயிகள்தான் குடாவைக் கடக்கும் லோஞ்ச் படகில் ஏறி எங்களிடம் வருவார்கள். இலையைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வருவார்கள். புழுவை நெருப்புப்பெட்டியில் அடைத்துக்கொண்டு வருவார்கள். நாங்கள் தோட்டத்தைக் கண்ணால் காணாமல், கதிரையை விட்டு எழும்பாமல் வைத்தியம் சொல்வோம். அந்த வேலையில் நான் வலு கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. மற்றவர்களுக்கு அப்படி ஒரு நினைப்பு இருந்ததா என்று தெரியாது.

ஒருநாள் காலையில் கட்டைபறிச்சானிலிருந்து தங்கேஸ்வரி என்றொரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். அவர்களுடைய வயலுக்குப் போகிற பாதை அடைபட்டுப் போனதால், வீட்டுக் கிணற்றடியில் போட்டிருந்த பாகல் தோட்டம்தான் மிச்சம். பாகற்காயை மூதூர்ச் சந்தையில் கொடுத்துத்தான் அவரும் இரண்டு பெண் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். பேப்பர்ச் சுருளை என் மேசையில் விரித்துவிட்டுத் தள்ளி நின்றார்.

“ஒருக்காப் பாருங்கோ சேர். இலையெல்லாம் வலைமாதிரிப் போச்சுது. நரம்பு மட்டும்தான் மிச்சம். இப்பிடியே விட்டா இந்தக் கிழமையோட முடிஞ்சிடும்.”

பேப்பருக்குள் செம்மண் நிறத்தில், கறுப்புப் புள்ளி போட்ட ஐந்தாறு வண்டுகள் இருந்தன. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “இது செதில்பூச்சியைத் தின்னுற நல்ல வண்டு ஐசே, அதை விடும்” என்றார். நான் அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தேன். நல்ல வண்டின் முதுகு எண்ணெய் பூசியதுபோல மினுங்கும். இதன் முதுகில் மினுக்கம் இல்லை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மெல்லிய மயிர் தெரியும். இலையைப் புரட்டினேன். அடியில் மஞ்சள் முட்டைகள் கூட்டமாக நிமிர்ந்து நின்றன. உடம்பெல்லாம் முள் வைத்த மஞ்சள் புழுக்கள் பச்சையைச் சுரண்டிக்கொண்டிருந்தன. இலை தின்னும் புள்ளி வண்டு, சந்தேகமே இல்லை. பக்கத்து மேசைக்காரர் தன் கோப்புக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

அடையாளம் கண்டதில் நான் நூற்றுக்கு நூறு சரி. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தக் கதையில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

அந்தக் காலத்தில் பூச்சிநாசினியைக் குடாவுக்கு அப்பால் கொண்டுபோக அனுமதிக் கடிதம் வேண்டும். வேறு எதற்காவது பாவித்துவிடுவார்கள் என்று இராணுவத்துக்குப் பயம்; மூதூர் இறங்குதுறைச் சாவடியில் எல்லோருடைய பையையும் சோதிப்பார்கள். ஒரு விவசாயி அந்தக் கடிதத்தை எடுப்பதென்றால் மூன்று அலுவலகம் ஏறி இறங்க வேண்டும், இரண்டு கிழமை போய்விடும். அதற்குள் வண்டு தன் வேலையை முடித்துவிடும். ஆகவே எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அலுவலகத்துக்கு அனுமதியோடு வரும் பெரிய கலனிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னப் போத்தல்களில் ஊற்றிக் கொடுப்போம். எல்லோரும் செய்தார்கள், மேலதிகாரிகளும் கண்டும் காணாமல் இருந்தார்கள். அது உதவி என்றுதான் நாங்கள் நினைத்தோம். நல்ல மனதோடு செய்கிற பிழையைத் திருத்துவது வலு கஷ்டம்.

மற்றவர்கள் ஏதாவது வெறும் போத்தலில் ஊற்றிக் கொடுத்தார்கள். நான் ஒரு படி மேலே போனேன். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய வேப்பெண்ணெய்ப் போத்தல் ஒன்றை, லேபல் கிழியாமல் கழுவி வைத்திருந்தேன். அதில் நாசினியை ஊற்றினேன். மூடியையும் போத்தலின் கழுத்தையும் வேப்பெண்ணெயில் நன்றாகத் தேய்த்தேன். யார் திறந்து முகர்ந்தாலும் வேப்பெண்ணெய் மணம்தான் மூக்கில் ஏறும். இந்த யோசனை வந்தபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன். இன்று அந்த மனிதனைக் கண்டால் கன்னத்தில் அறைவேன்.

“தண்ணி கலக்காமல் தொடக்கூடாது அக்கா. தோலில பட்டாலே ஆபத்து, பட்டா உடன துடைச்சுப்போட்டு நிறையத் தண்ணியால கழுவோணும். ஒரு மூடி மருந்து, ஒரு வாளி தண்ணி. சாவடியில கேட்டா வேப்பெண்ணெய் எண்டு சொல்லுங்கோ.”

தங்கேஸ்வரி போத்தலை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“பயமாக் கிடக்கு சேர். போன மாசம் என்ர தம்பியை அந்தச் சாவடியிலதான் பிடிச்சவங்கள். நாலு நாள் வைச்சிருந்துதான் விட்டவங்கள்.”

“ஒண்டும் நடக்காது. எனக்கும் இண்டைக்கு மூதூரில கூட்டம். அதே லோஞ்சிலதான் வாறன். நான் இருக்கிறன்தானே?”

நான் இருக்கிறேன் என்று சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லோஞ்சில் அவருக்கு எதிரே அமர்ந்து, குரலைத் தாழ்த்தி, பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பாடம் கேட்பதுபோலக் கேட்டேன். “கேட்டா என்ன சொல்லுவீங்கள்?” “வேப்பெண்ணெய்.” “எதுக்கு?” “தலையில வைக்க.” என் பக்கத்தில் மூதூரில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள், எனக்கும் முகப்பழக்கம். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் எங்கள் பக்கம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

மூதூர் இறங்குதுறையில் வரிசை. வெயில் சுள்ளென்று அடித்தது. தங்கேஸ்வரி முன்னே, இரண்டு பேர் தள்ளி நான், எனக்குப் பின்னால் நானா. சாவடியில் நின்ற சிப்பாய்க்கு இருபது இருபத்தொரு வயதுதான் இருக்கும். நுளம்பு கடித்துச் சொறிந்து சொறிந்து அவனுடைய முன்கைகள் இரண்டும் புண்ணாகிக் கிடந்தன. சிலது பொருக்குத் தட்டி, சிலது ஈரமாக இருந்தன. அவன் தங்கேஸ்வரியின் பையைக் கிளறினான். உடுப்பு, ஒரு இறாத்தல் பாண், போத்தல். போத்தலை எடுத்து மூடியைக் கழற்றி மூக்கருகில் கொண்டுபோனான்.

அவன் முகம் மலர்ந்தது. இப்படி ஒன்றை நான் எதிர்பார்க்கவே இல்லை. சந்தேகப்படுவான், அதட்டுவான், லேபலை வாசிப்பான் என்றெல்லாம் கணக்குப் போட்டிருந்தேன். சந்தோசப்படுவான் என்று யோசிக்கவில்லை.

“கொஹொம்ப தெல்!” என்றான். வேப்பெண்ணெய் என்று அர்த்தம். அவனுடைய ஊரிலும் அதைத்தான் புண்ணுக்குப் பூசுவார்களாக்கும். தன் கையைத் தங்கேஸ்வரியிடம் காட்டி, புண்களைச் சுட்டி, கொஞ்சம் எடுக்கட்டுமா என்று சைகையில் கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். பதில் வருமுன்பே துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு, இடது உள்ளங்கையைக் குழித்து, போத்தலைச் சரித்தான்.

தண்ணீர் கலக்காத நாசினி. அதன் ஒரு மூடி ஒரு வாளித் தண்ணீரை நஞ்சாக்கும். அவன் கையில் குளம்போல நின்றது. அதை அந்தப் பச்சைப் புண்களில் தேய்த்தால் என்ன நடக்கும் என்று அந்த இறங்குதுறையில் படித்துப் பட்டம் வாங்கித் தெரிந்துவைத்திருந்த ஒரே ஆள் நான். வாய் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்று தெரிந்தது. சத்தம் போட்டால் யார் நீ, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள் என்றுதான் மூளை ஓடியது. ஒரு மனிதன் சாகப் போகிறான் என்று ஓடவில்லை. என் வெட்கத்தை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

தங்கேஸ்வரி பேசாமல் இருந்திருக்கலாம். பையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கலாம். நஞ்சு ஏற எவ்வளவு நேரமோ, அதற்குள் கட்டைபறிச்சானுக்கே போய்ச் சேர்ந்திருப்பார். உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்பது தம்பியைப் பறிகொடுத்து மீட்ட அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அவர் பாய்ந்து சிப்பாயின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“எப்பா மாத்தயா! வஹ! வஹ!” என்று கத்தினார். வேண்டாம் ஐயா, நஞ்சு என்று. கந்தளாய்ப் பக்கம் அறுவடை வேலைக்குப் போன காலத்தில், மருந்துப் பெட்டிக்குக் கிட்டப் போனால் அங்கிருந்த கங்காணி கத்துகிற சொற்களாம் அவை. அவருக்குத் தெரிந்த சிங்களம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

சீருடையில் இருப்பவனைத் தொடுவது என்றால் அந்த நாளில் என்னவென்று உங்களுக்கு விளங்காது. மணல் மூட்டைக்குப் பின்னால் இருந்த இரண்டு துவக்குகளும் அவருடைய நெஞ்சுக்கு நேரே நிமிர்ந்தன. யாரோ நிலத்தில் குந்தினார்கள். தங்கேஸ்வரி துவக்கைப் பார்க்கவே இல்லை. அந்தக் கையைத் தன் சேலைத் தலைப்பால் ஒற்றி எடுத்தார். பக்கத்திலிருந்த பீப்பாவில் தகரப் பேணியால் தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றினார். விரல் இடுக்கையும் விடாமல் கழுவினார். அந்தப் பையன் திகைத்துப்போய், குழந்தை கையை நீட்டுவதுபோல நீட்டிக்கொண்டு நின்றான். பிறகு அவர் நனைந்த தலைப்பையும் கழுவி, தன் கையையும் கழுவினார். நான் சொல்லிக் கொடுத்த ஒழுங்கு அப்படியே. நான் மட்டும் இன்னும் வரிசையிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அதிகாரி வந்தார். போத்தலை முகர்ந்தார், லேபலைப் பார்த்தார், தங்கேஸ்வரியைப் பார்த்தார். அரைகுறைத் தமிழில் கேட்டார்.

“யார் குடுத்தது?”

“கடையில வாங்கினது.”

“எந்தக் கடை?”

அதிகாரி மறுபடி கேட்டார். தங்கேஸ்வரி நிலத்தைப் பார்த்தபடி நின்றார். என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அவர் திரும்பிப் பார்த்துவிடக் கூடாதே என்று நான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் வந்து அவரை உள்ளே நடத்திக்கொண்டு போகத் தொடங்கினார்கள்.

பின்னாலிருந்து நானா என் காதுக்குள் சொன்னார். “சேர், லோஞ்சில அந்தப் பொம்பிளைக்குப் பாடம் சொல்லிக் குடுத்தது நீங்கதானே? வாயத் தொறங்க. இல்லாட்டி நான் தொறப்பன்.”

அப்போதுதான் என் கால் அசைந்தது. நானே முன்வந்து சொன்னேன் என்று பல வருடம் என்னை நானே நம்பவைத்திருந்தேன். அது பொய். நானா தள்ளித்தான் நான் போனேன்.

போய்ச் சொன்னேன். என் அடையாள அட்டையைக் காட்டினேன். கலனுக்கான அனுமதிக் கடிதம் அலுவலகத்தில் இருக்கிறது என்றேன். வண்டு, பாகல், இலை என்று ஏதேதோ உளறினேன். அதிகாரிக்குத் தமிழ் போதவில்லை, எனக்குச் சிங்களம் போதவில்லை. நானாதான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார். முழுதும் கேட்டபின் அதிகாரி கோபப்படாமல் ஏதோ சொன்னார். நானா சொல்லத் தயங்கினார். அதிகாரி சொல்லு என்று தலையசைத்தார்.

“இந்தப் பொடியன் அதைப் பூசிக்கிட்டு விழுந்திருந்தா, நான் யாரைச் சுட்டிருப்பன் எண்டு கேக்கார்.”

அதிகாரி தங்கேஸ்வரியைக் கையால் காட்டினார். பிறகு என்னைக் காட்டி இன்னும் கொஞ்சம் சொன்னார்.

“உங்களை இல்லையாம் சேர். நீங்க கவர்மெண்ட் ஆள். பின்னுக்கு நிண்டிருப்பீங்களாம். அடுத்த லோஞ்சில வீட்டுக்குப் போயிருப்பீங்களாம்.”

அந்த மனிதர் என்னை அடித்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழை இல்லை.

பின்னேரம் வரை எங்கள் இருவரையும் இருத்தி வைத்தார்கள். அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தார்கள். சிப்பாயை அவர்களுடைய மருந்தாளர் பார்த்துவிட்டு ஆபத்தில்லை என்றார். அந்தப் பையன் தங்கேஸ்வரிக்கு ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான். எனக்குத் தரவில்லை. வெயில் தணிகிற நேரம் இருவரையும் போகச் சொன்னார்கள். போத்தல் அவர்களிடமே நின்றுவிட்டது. வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயெடுத்தேன். “பிள்ளையள் தனிய நிக்குதுகள் சேர்” என்று சொல்லிவிட்டு அவர் விறுவிறுவென்று நடந்துபோனார். ஈரம் காய்ந்த சேலைத் தலைப்பில் திட்டுத் திட்டாக மஞ்சள் கறை இருந்தது.

அலுவலகத்தில் எனக்கு ஒரு கண்டிப்புக் கடிதம் கிடைத்தது. போத்தலில் ஊற்றிக் கொடுக்கும் வழக்கமும் அன்றோடு நின்றது. அதெல்லாம் பெரிதில்லை. இரண்டு கிழமையாக எனக்குத் தூக்கம் இல்லை. சாவடியில் பட்டதும் போதாமல், அவருடைய தோட்டத்துக்கு ஒரு வழியும் செய்யாமல் வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன். பாகல் போயிருக்கும், அந்த மூன்று பேரும் என்ன சாப்பிடுகிறார்களோ என்ற நினைப்பு என்னைத் தின்றது. மேலதிகாரியின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, மூதூரைத் தாண்டிப் போக ஒரு நாளுக்கு மட்டும் கடிதம் வாங்கினேன். நானாவின் கடைப் பொடியனுடைய சைக்கிளை இரவல் எடுத்துக்கொண்டு கட்டைபறிச்சானுக்குப் போனேன்.

காலை எட்டு மணியிருக்கும். கிணற்றடியில் தங்கேஸ்வரி பந்தலுக்குக் கீழே குனிந்து இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். கையில் ஒரு சிரட்டை, அதில் சவர்க்காரத் தண்ணீர். புழுவையும் வண்டையும் பிடித்து அதற்குள் போட்டார். முட்டை இருந்த இலைத் துண்டைக் கிள்ளி அதற்குள் போட்டார். பழைய இலைகள் சல்லடையாகக் கிடந்தன. ஆனால் கொடி நுனியெல்லாம் பச்சைப்பசேலென்று புதுத்தளிர் ஓடியிருந்தது. பிஞ்சும் பிடித்திருந்தது. சிரட்டைக்குள் அன்று நான் எண்ணிப் பார்த்தவை நான்கே நான்கு வண்டுகள்.

“எப்பிடி அக்கா?” என்று கேட்டேன்.

“என்ன எப்பிடி? நானும் பெட்டையள் ரெண்டும் விடிய எழும்பிப் பொறுக்கினம். காலமை அதுகளுக்குப் பறக்கத் தெம்பில்லை, கையால பிடிக்கலாம். அஞ்சு நாளில அடங்கிட்டுது. இப்ப சும்மா ஒருக்கா வந்து பாக்கிறதுதான்.”

நான் பந்தலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்தேன். பார்த்து முடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. கொடிகளை எண்ணினேன். மனம் நம்பாமல் மறுபடி எண்ணினேன். பதினெட்டு. பதினெட்டே பதினெட்டுப் பாகல் கொடி. அந்த ஒரு போத்தல் பத்துத் தோட்டத்துக்குப் போதும்.

“பதினெட்டுக் கொடிதானா?”

“ஓம். ஏன்?”

“இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அக்கா. கையால பொறுக்குங்கோ எண்டு சொல்லியிருப்பனே. இதுக்கு மருந்தே தேவையில்லையே.”

அவர் சிரட்டையைக் கிணற்றுக் கட்டில் வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“நீங்கள் கேக்கேல்லையே தம்பி. பொறுக்கலாம் எண்டு எனக்கும் தெரியும், எங்கட அம்மாவும் பொறுக்கினவதான். வேற ஏதும் சுகமான வழி இருக்குமோ எண்டு கேக்கத்தான் வந்தனான். நீங்கள் அவ்வளவு பாடுபட்டுப் போத்திலெல்லாம் தேய்ச்சு, ஆசையாத் தந்தீங்கள். படிச்ச பிள்ளை தாறதை வேண்டாமெண்டு சொன்னால் உங்களுக்கு மனவருத்தமாப் போயிடும் எண்டுதான் வாங்கினனான்.”